அரை அங்குலக் கண்ணாடியில் அகப்பட்ட வானம்

1608-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், நெதர்லாந்தின் மிடில்பர்க் நகரில் மூக்குக்கண்ணாடி செய்து பிழைத்துவந்த ஹான்ஸ் லிப்பர்ஷே என்பவர், தூரத்துப் பொருள்களைக் கிட்டக் கொணர்ந்து காட்டும் குழல் ஒன்றுக்குத் தனியுரிமை வேண்டித் தம் நாட்டு ஆட்சி மன்றத்தாரிடம் விண்ணப்பம் செய்துகொண்டபோது, அக்குழலைப் பரீட்சித்து வியந்த மன்றத்தார், இதனையே இரண்டு கண்களாலும் ஒருங்கே பார்க்கும்படி அமைத்துத் தர முடியுமா என்று கேட்டார்கள். டிசம்பர் மாதத்திலேயே அவர் அப்படி ஒன்றைச் செய்து கொடுத்தார். அவர் விரும்பிய தனியுரிமை மட்டும் கிட்டவில்லை. அந்த வித்தை அதற்குள் வேறு சிலருக்கும் தெரிந்துபோயிருந்தது. ஆகவே, தொலைநோக்கியும் இருகண் நோக்கியும் சில வார இடைவெளியில் பிறந்த சகோதரர்கள் என்றே கொள்ள வேண்டும். மூத்தது அடுத்த ஆண்டே ஆகாயத்தை நோக்கித் திரும்பி உலகப் பிரசித்தி அடைந்தது. இளையதோ நாடகக் கொட்டகையிலும், போர்க்களத்திலும், கப்பல் தளத்திலுமாக ஏறக்குறைய மூன்று நூற்றாண்டுகளைக் கழித்தது.

இருந்தும், வானத்தின் ஆழத்தில் மங்கலாகத் தென்படும் நட்சத்திரக் கொத்துகள், நெபுலா எனப்படும் ஒளிமேகங்கள், நம் பால்வீதிக்கு அப்பாலுள்ள விண்மீன் மண்டலங்கள் ஆகியவற்றைத் தேடிக் கண்ட சரித்திரத்தை ஆதியிலிருந்து படித்துவருகிறவர்களுக்கு ஓர் உண்மை புலப்படாமற் போகாது. அச்சரித்திரத்தின் முதல் அத்தியாயங்களை எழுதியவை, பெருங்கோபுரங்களில் ஏற்றிய பெருங்கருவிகள் அல்ல. கொஞ்சமாகப் பெரிதாக்கி, நிறைய ஆகாயத்தைக் காட்டும் சிறிய குழல்களே. இன்று ஓய்வு நேரத்தில் மொட்டைமாடிக்கு ஏறிப் பைனாகுலரை உயர்த்துகிறவர், தொலைநோக்கி வாங்க வசதியில்லாமல் அதற்குப் பிரதியாக ஒன்றை வைத்துக்கொண்டிருப்பதாகச் சிலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அவர் கையிலிருப்பதே அந்தக் காரியத்துக்குப் பரம்பரையாக உரிய கருவி.

கண்ணாடி எதுவும் இல்லாத காலத்திலேயே மனிதர் இப்பொருள்களிற் சிலவற்றை அறிந்திருந்தனர். கார்த்திகைக் கூட்டத்தை அறியாத ஜாதி உலகத்தில் இல்லை. கடக ராசியில் பூச நட்சத்திரத்தின் அருகே வெண்புகை போல் ஒரு திட்டு இருப்பதைக் கிரேக்கர்கள் குறித்திருக்கிறார்கள். கி.பி. 964-ஆம் ஆண்டளவில் பாரசீக தேசத்து அல்-சூஃபி தம் நட்சத்திர நூலில், ஆண்ட்ரோமெடாப் பகுதியில் உள்ள ஒரு சிறு மேகத்தைப் பதிவு செய்தார். அது இருபத்தைந்து லட்சம் ஒளியாண்டுத் தொலைவிலுள்ள தனியொரு மண்டலம் என்பது அவருக்குப்பின் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் கழிந்தே தெரியவந்தது. 1610-இல் கலிலியோ வெளியிட்ட சிறு நூலில், பூசத்தின் அருகேயுள்ள புகை நாற்பதுக்கு மேற்பட்ட நட்சத்திரங்களின் திரள் என்று காட்டினார். கார்த்திகையிலும் முப்பதுக்கு மேல் புதியவற்றைச் சேர்த்தார். ஆனால் மிருகசீரிடத்தின் கீழே, வேட்டைக்காரனின் உடைவாளில், வெறுங்கண்ணுக்கே மங்கலாகத் தெரியும் பெரிய நெபுலாவைப் பற்றி அந்நூலில் ஒரு வார்த்தையும் இல்லை. அதனைச் சுற்றியுள்ள நட்சத்திரங்களையெல்லாம் எண்ணி வரைந்தவர் அதனை மட்டும் எப்படி விட்டார் என்று பலர் வியந்ததுண்டு. அவருடைய குழல் முழுநிலாவில் பாதியளவு ஆகாயத்தையே ஒரு சமயத்தில் காட்டியது என்பதை நினைத்தால் வியப்புக் குறையும். பரந்து மங்கிக் கிடக்கும் பொருளை அதன் சுற்றுப்புற இருளோடு சேர்த்துப் பார்த்தாலன்றி இனங்காண இயலாது. சாவித் துவாரத்தின் வழியே தேரைப் பார்ப்பவனுக்குச் சக்கரத்தின் ஓர் ஆரம் தெரியலாம், தேர் தெரியாது.

சிசிலித் தீவில் பால்மா என்ற ஊரில் பிரபு ஒருவரின் ஆதரவில் வாழ்ந்த ஹோடியெர்னா என்ற பாதிரியார், இருபது மடங்கு பெரிதாக்கும் எளிய குழல் ஒன்றைக்கொண்டு நாற்பது பொருள்கள் வரையில் தேடித் தொகுத்து, 1654-இல் பலெர்மோ நகரில் அச்சிட்டார். அதனை ஐரோப்பாவில் யாரும் படித்ததாகத் தெரியவில்லை. அந்நூல் மறுபடியும் வெளிச்சத்துக்கு வந்தது 1980-களில். இடைப்பட்ட முந்நூறு ஆண்டுகளில் அவர் கண்ட பொருள்களைப் பிறர் மறுபடி கண்டுபிடித்துத் தத்தம் பெயரில் எழுதிக்கொண்டார்கள். தீவில் உட்கார்ந்து புத்தகம் போடுகிறவர்களின் கதி அநேகமாக எங்கும் இதுதான்.

இச்சரித்திரத்தில் நான் மிகவும் மதிக்கும் புருஷர் அபே என்ற குருப்பட்டம் தாங்கிய பிரெஞ்சு தேசத்து நிக்கோலா லூயி லகாய். தென்துருவத்தைச் சூழ்ந்த ஆகாயத்துக்கு ஒழுங்கான அட்டவணை இல்லாத குறையைத் தீர்க்கக் கருதி, 1751-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அவர் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் போய் இறங்கினார். அப்போது அது டச்சுக் கம்பெனியாரின் துறைமுகம். கேப் டவுனில் ஒரு வீட்டின் கொல்லைப்புறத்தில் சிறிய ஆராய்ச்சிச்சாலை கட்டிக்கொண்டு, அவ்வாண்டு ஆகஸ்டு முதல் அடுத்த ஆண்டு ஜூலை வரையில் தென்வானத்தை அவர் அளந்தார். மகரரேகை முதல் துருவம் வரையில் பத்தாயிரத்துக்குச் சற்றே குறைவான நட்சத்திரங்களின் ஸ்தானங்களைத் தன்னந்தனியாக அவர் குறித்த கருவியின் வில்லை விட்டம் அரை அங்குலம்; உருப்பெருக்கம் எட்டு மடங்கு. இக்காலத்தில் கடைகளில் கிடைக்கும் 7×50 பைனாகுலரின் ஒரு குழல், அந்த வில்லையைப்போல் ஏறக்குறைய பதினைந்து மடங்கு ஒளியைத் திரட்டித் தருவது. இதைப் படித்தபிறகும் தம் கருவி சிறியது என்று குறைபட்டுக்கொள்கிற பொழுதுபோக்கு வானியலாளர்களைக் கண்டால் எனக்கு இரக்கமே உண்டாகிறது.

அவருடைய முறை வெகு எளிது. குழலை ஓர் இரவு முழுவதும் ஒரே உயரத்தில் அசையாமல் நிறுத்திவிடுவார். பூமியின் சுழற்சியால் ஆகாயம் தானே நகர்ந்து குழலின் முன் வரிசையாக வந்துபோகும். கண்வில்லையில் சாய்சதுர வடிவமான ஒரு சட்டம் பொருத்தப்பட்டிருக்கும். ஒவ்வொரு நட்சத்திரமும் அச்சட்டத்துக்குள் நுழையும் கணத்தையும் வெளியேறும் கணத்தையும் கடிகாரத்தில் பார்த்து எழுதிக்கொண்டால், அதன் ஸ்தானம் கணிதத்தால் கிடைத்துவிடும். நாலைந்து முழுநிலாக்களை வரிசையாக வைக்கும்படியான அகலம் குழலுக்கு இருந்தது. அதன் ஊடே ஒளிப்புள்ளிகளுக்கு நடுவில் புள்ளியாகாமல் புகையாக வந்துபோனவற்றை லகாய் அலட்சியம் செய்யவில்லை. அப்படிப்பட்ட 42 பொருள்களை, நட்சத்திரம் எதுவும் தெரியாத நெபுலாக்கள், கொத்தாகச் சேர்ந்து மங்கலாய்த் தோன்றும் நட்சத்திரங்கள், நெபுலா சூழ்ந்த நட்சத்திரங்கள் என மூன்று வகுப்பாகப் பிரித்து, வகுப்புக்குப் பதினான்காக 1755-இல் பிரசுரித்தார். இன்று 47 டுகானே என்று வழங்கும் கோளக் கொத்து அவருக்கு வால்நட்சத்திரத்தின் தலைப்பகுதிபோல் தோன்றியிருக்கிறது. கெரினா நெபுலா, ஒமேகா சென்டாரி, பெரிய மெகல்லன் மேகத்திலுள்ள டரான்டுலா ஆகியவையெல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. 1752 பிப்ரவரியில் அவர் குறித்த ஒரு மங்கல் திட்டு, பிற்காலத்தில் எம் 83 என்று பெயர்பெற்ற விண்மீன் மண்டலம். அதன் தொலைவு ஒன்றரைக் கோடி ஒளியாண்டு. அரை அங்குலக் கண்ணாடி அவ்வளவு தூரம் போயிருக்கிறது. மூன்றாம் வகுப்பிலுள்ளவற்றில் சில வெறும் நட்சத்திர நெருக்கங்களே என்பது பின்னர் தெரியவந்தது. அது சிறு கருவியின் தவிர்க்கமுடியாத தோஷம்.

லகாய் அத்தோடு நிற்கவில்லை. தென்வானத்தில் வெறுமையாகக் கிடந்த இடங்களில் பதினான்கு புதிய ராசிகளை வகுத்து, தேவதைகளையும் மிருகங்களையும் விட்டுவிட்டு, சாஸ்திரத்துக்கும் கலைகளுக்கும் உதவும் கருவிகளின் பெயர்களை அவற்றுக்குச் சூட்டினார்: கடிகாரம், காற்று வாங்கும் பம்பு, நுண்நோக்கி, உலை, தச்சனின் மட்டம். தம் கண்வில்லையிலிருந்த சாய்சதுரச் சட்டத்துக்கும் ஆகாயத்தில் ஓர் இடம் கொடுத்தார். ஒன்று மட்டும் கருவியல்ல. கேப் டவுனின் தலைமேல் நிற்கும் மேசை மலை. பெரிய மெகல்லன் மேகம் அந்த ராசியின்மேல் படிந்திருப்பது, மலைமேல் மேகம் கவிவதைப் போலவே இருக்கும். கவிதை எழுதாத மனிதர் செய்த ஒரே கவிதை இதுவென்று தோன்றுகிறது.

கருவியின் அளவைக் காட்டிலும் நிற்கும் இடம் முக்கியம் என்பதற்கு, தனுர் ராசியில் லகாய் கண்ட ஒரு கோளக் கொத்தே சாட்சி. பாரிஸ் நகரில் வால்நட்சத்திர வேட்டையில் முனைந்திருந்த சார்ல் மெஸ்ஸியே, வேட்டையில் குறுக்கிட்டு ஏமாற்றும் பொய் வால்நட்சத்திரங்களுக்கு ஒரு பட்டியல் தயாரித்துவந்தவர். அவர் 1764-இல் லகாயின் அந்தக் கொத்தைத் தேடிக் காணாமல் கைவிட்டார். அது பாரிஸில் தொடுவானத்துக்குமேல் பத்துப் பாகை உயரமே எழும். அங்கே புகையும் மூடுபனியும் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1778-இல்தான் அது அவர் கண்ணில் பட்டது. அவர் பட்டியலில் அதற்கு எம் 55 என்ற எண் கிடைத்தது. மெஸ்ஸியேயிடம் லகாயின் குழலைவிடப் பலமடங்கு பெரிய கருவிகள் இருந்தன. கேப் டவுனில் அந்தக் கொத்து தலைக்கு நேரே வரும். சென்னையிலோ நாற்பத்தைந்து பாகைக்கும் மேல்.

தமிழ்நாட்டை இங்கே நான் வலிந்து இழுக்கவில்லை. புதுச்சேரிக்கும் இந்தச் சரித்திரத்துக்கும் பழைய உறவு உண்டு. 1689 டிசம்பரில் வால்நட்சத்திரம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்த ஏசு சபையைச் சேர்ந்த ரிஷோ பாதிரியார், ஆல்ஃபா சென்டாரி ஒரு நட்சத்திரமல்ல, இரண்டு என்று கண்டது அந்த ஊரில்தான். எண்பது ஆண்டுகளுக்குப்பின் அங்கே வந்து தங்கிய லெ ஜான்டீலின் கதை பிரசித்தமானது. சூரியனை வெள்ளி கடப்பதைப் பார்ப்பதற்காக 1760-இல் பிரான்சைவிட்டுப் புறப்பட்டவர், புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாகிவிட்டதால் 1761-ஆம் ஆண்டுக் கடப்பைக் கடல்நடுவே கப்பலில் நின்று வீணாகப் பார்த்தார். அடுத்த கடப்புக்காக எட்டாண்டுகள் காத்திருந்து, புதுச்சேரியில் ஆராய்ச்சிச்சாலை அமைத்துக்கொண்டு 1769 ஜூனில் ஆயத்தமாக இருந்தபோது, மேகம் வந்து மூடிக்கொண்டது. இந்தத் துரதிருஷ்டத்தையே எல்லோரும் திருப்பித் திருப்பிச் சொல்வதால், அவர் நெபுலாக்களில் ஈடுபாடு கொண்டவர் என்பதும், ஆண்ட்ரோமெடா மண்டலத்தின் துணையாகிய எம் 32-ஐ 1749-இல் முதலிற் கண்டவர் அவரே என்பதும் மறந்துபோயின. புதுச்சேரியின் ஜனவரி, பிப்ரவரி மாத இரவுகளின் தெளிவை அவர் மனமாரப் புகழ்ந்திருக்கிறார். தமிழர்கள் கிரகணம் கணிக்கும் முறையையும் கற்று எழுதிவைத்தார். அந்தத் தெளிந்த இரவுகளில், லகாயின் பட்டியலிலுள்ள பொருள்களிற் பெரும்பாலானவை கடலுக்குமேல் எழுந்து நின்றிருக்கும்.

இன்னொரு தொடர்பும் உண்டு. சென்னை நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் நிறுவியிருந்த வானாராய்ச்சிச்சாலையில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாசாரியார், 1867-இல் ஒளி கூடிக் குறையும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அது இருப்பது, லகாய் தம் சாய்சதுரச் சட்டத்துக்கு ஒதுக்கிக் கொடுத்த அந்தச் சின்னஞ்சிறு ராசியில்.

1783 முதல் வில்லியம் ஹெர்ஷல் தம் பெரிய கண்ணாடிகளைக்கொண்டு வானத்தைப் பெருக்கி எடுத்து, இருபதாண்டுக்குள் 2,500 நெபுலாக்களையும் கொத்துகளையும் சேர்த்தார். அதன்பின் இது பெருங்கருவிக்காரர்களின் துறையாகிவிட்டது. 1888-இல் டிரேயர் தொகுத்த பொது அட்டவணையில் 7,840 பொருள்கள். ஆயினும் ஹெர்ஷலின் தங்கை கரோலின், அண்ணன் கொடுத்த ஒரு சிறு குழலைக்கொண்டு 1783 செப்டம்பரில் சிற்பி ராசியிலுள்ள பெரிய விண்மீன் மண்டலத்தைக் கண்டார் என்பதையும் இங்கே சொல்லவேண்டும். பைனாகுலரில் நீண்ட கீற்றாகத் தெரியும் அதற்கு இன்று என்.ஜி.சி. 253 என்று பெயர்.

இளைய சகோதரனாகிய இருகண் நோக்கி ஆகாயத்துக்கு வந்து சேர்ந்தது அந்த 1888-ஆம் ஆண்டிலேதான் என்று சொல்லலாம். நியூயார்க் நகரத்துப் பத்திரிகாசிரியர் காரெட் செர்விஸ், நாடகக் கண்ணாடியைக்கொண்டு வானம் பார்ப்பதைப்பற்றி ஒரு நூல் அவ்வருஷம் எழுதினார். கலிலியோவின் வில்லை முறையில் அமைந்த அந்த இரட்டைக் குழல்கள் மூன்று நான்கு மடங்குக்குமேல் பெரிதாக்கா. இன்னும் பெரிதாக்கினால் பார்வையின் அகலம் சுருங்கிவிடும். இந்தத் தடையை நீக்கும் உபாயத்தை இத்தாலியரான இக்னாசியோ போரோ 1854-லேயே கண்டு தனியுரிமை பெற்றிருந்தார். குழலுக்குள் இரண்டு கண்ணாடிப் பட்டகங்களை வைத்து ஒளியை மடக்கி அனுப்பினால், தலைகீழான பிம்பம் நேராகிவிடும், நீண்ட குழலும் குட்டையாகிவிடும். யோசனை நன்று, அதற்குத் தக்க தெளிவான கண்ணாடிதான் அந்நாளில் கிடையாது. ஜெர்மனியின் யேனா நகரில் ஓட்டோ ஷாட் புதுவகைக் கண்ணாடிகளை உருக்கத் தொடங்கியபின், அங்கே ஸைஸ் தொழிற்சாலையின் மூளையாக விளங்கிய எர்ன்ஸ்ட் அபே அந்த யோசனையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். 1894-இல் பட்டகப் பைனாகுலர் விற்பனைக்கு வந்தது.

அதன்பின் அக்கருவியை வளர்த்தது யுத்தமே. இரவில் கடலை நோக்கிக் காவல் நிற்கும் மாலுமிக்காக உண்டானது 7×50 என்னும் அளவு. வில்லையின் விட்டமான ஐம்பது மில்லிமீட்டரை ஏழால் வகுத்தால், கண்ணுக்குள் நுழையும் ஒளிக்கற்றையின் விட்டம் ஏழு மில்லிமீட்டர். இருட்டில் வாலிபரின் கண்மணி விரியும் அளவும் அதுவே. முதல் உலக யுத்தத்தில் ஜெர்மானியக் கண்ணாடி வருவது நின்றுபோகவே, அமெரிக்கக் கடற்படையார் பொதுஜனங்களிடம் தத்தம் பைனாகுலரை இரவல் தரும்படி வேண்டிக்கொண்டார்கள். இலவசமாக வாங்கச் சட்டம் இடங்கொடாததால் ஒவ்வொன்றுக்கும் ஒரு டாலர் கொடுத்தார்கள். வேண்டுகோள் விடுத்தவர் அப்போது கடற்படைத் துணைச் செயலராயிருந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். 1935-இல் ஸைஸ் தொழிற்சாலையின் அலெக்ஸாண்டர் ஸ்மகுலா, வில்லையின்மேல் மெல்லிய படலம் பூசி, ஒளி பிரதிபலித்து வீணாவதைத் தடுக்கும் முறையைக் கண்டார். பூசாத கண்ணாடி, பரப்பு ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு நாலைந்து பங்கு ஒளியை இழக்கும். பைனாகுலரிலோ அப்படிப் பத்துப் பரப்புகள். சில ஆண்டுகள் அது இராணுவ ரகசியமாகவே இருந்தது. இரண்டாம் யுத்தம் முடிந்து, கழிக்கப்பட்ட கருவிகள் மலிந்த விலைக்கு வந்தபோது, எதிரியின் கப்பலையும் விமானத்தையும் தேடச் செய்த கண்ணாடிகள் பள்ளி ஆசிரியர்களின் கைக்கும் பாதிரிமார்களின் கைக்கும் வந்துசேர்ந்தன.

அப்படிப்பட்ட ஆசிரியர் இங்கிலாந்தில் பீட்டர்பரோவுக்கு அருகில் வாழ்ந்த ஜார்ஜ் ஆல்காக். பைனாகுலரில் தெரியும் நட்சத்திர அமைப்புகளை அவர் மனப்பாடம் செய்துகொண்டார். முப்பதினாயிரம் நட்சத்திரங்கள் அவர் நினைவில் இருந்தன என்பார்கள். அந்த நினைவில் இல்லாத புள்ளி ஒன்று தெரிந்தால் அது புதிது. 1959 ஆகஸ்டில் ஐந்து நாள் இடைவெளியில் இரண்டு வால்நட்சத்திரங்களைப் பிடித்தார். 1967 ஜூலையில் டெல்ஃபினஸ் ராசியில் நோவா எனப்படும், திடீரென ஒளி பெருகும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டார். 1983 மே மாதம், வீட்டுக்குள்ளிருந்து, மூடிய ஜன்னல் கண்ணாடியின் வழியாகவே ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டார். அதே வால்நட்சத்திரத்தை ஐராஸ் என்ற செயற்கைக்கோளும் ஜப்பானியர் அராக்கியும் கண்டிருந்ததால் மூவர் பெயரும் அதற்குச் சூட்டப்பட்டன. பல கோடி டாலர் மதிப்புள்ள கோளோடு ஒரே வரியில் அமர்ந்த பைனாகுலர் அது. 1991-இல், எண்பதை நெருங்கிய வயதில், மறுபடியும் ஜன்னல் வழியாக இன்னொரு நோவா.

கனடா தேசத்துப் பிரான்சிஸ்கன் துறவி லூசியன் கெம்பல், 7×35 பைனாகுலரில் ஒட்டகச்சிவிங்கி ராசியில் இருபது நட்சத்திரங்கள் ஐந்து நிலாக்களின் நீளத்துக்கு நேர்கோடாக இறங்கி வருவதைப் பார்த்து, அமெரிக்கப் பத்திரிகையொன்றில் நெடுங்காலம் ஆழ்வானப் பகுதியை எழுதிவந்த வால்டர் ஸ்காட் ஹூஸ்டனுக்குக் கடிதம் எழுதினார். 1980-இல் ஹூஸ்டன் அதற்குக் கெம்பலின் நீர்வீழ்ச்சி என்று பெயரிட்டார். பெரிய தொலைநோக்கிகள் அந்த இடத்தைப் பலகாலமாகத் துருவிக்கொண்டுதான் இருந்தன. ஐந்து நிலாக்களின் அகலம் அவற்றுக்கு இல்லை. ஜப்பானின் ககோஷிமா பகுதியில் யூஜி ஹியாகுடாகே, 150 மில்லிமீட்டர் வில்லைகள்கொண்ட பெரும் பைனாகுலரால் 1995 டிசம்பரில் ஒரு வால்நட்சத்திரத்தையும், ஐந்து வாரத்துக்குப்பின் ஏறக்குறைய அதே இடத்தில் இன்னொன்றையும் கண்டார். இரண்டாவது, 1996 மார்ச்சில் பூமிக்கு ஒன்றரைக் கோடி கிலோமீட்டர் அருகே வந்து, உலகமெல்லாம் வெறுங்கண்ணால் பார்க்கும்படி நின்றது.

லகாயின் பட்டியலை வைத்துக்கொண்டு தமிழ்நாட்டில் பைனாகுலரோடு புறப்படுகிறவருக்கு, ஐரோப்பியர் பல மாதக் கப்பல் பிரயாணம் செய்து பெற்ற பாக்கியம் வீட்டு வாசலிலேயே கிடைக்கும். நகரத்து விளக்குகளைவிட்டு நாற்பது ஐம்பது மைல் தள்ளிப் போனால் போதும். சித்திரை மாத முன்னிரவில் தெற்கே, திரிசங்கு என்று நாம் சொல்லும் தென்சிலுவைக்கு மேற்கில், கெரினா நெபுலா நடுவே கருங்கோடு பிளந்த ஒளித்திட்டாகத் தெரியும். வைகாசியில் ஒமேகா சென்டாரி சென்னையில் முப்பது பாகை உயரம் ஏறுகிறது. பைனாகுலரில் அது நட்சத்திரமாகத் தோன்றாமல், உருண்டு திரண்ட மங்கல் பந்தாகத் தோன்றும். ஆடியில், மூல நட்சத்திரத்தின் அருகேயுள்ள கொத்துகள் இரண்டும் ஒரே பார்வைக்குள் அடங்கும். பார்ப்பதற்குமுன் அரைமணி நேரம் இருட்டில் இருக்கவேண்டும். நேரே உறுத்துப் பார்க்காமல் சற்று ஓரக்கண்ணால் பார்க்கவேண்டும். முழங்கையை எதன்மேலாவது ஊன்றிக்கொள்ளவேண்டும். டரான்டுலாவுக்குத் தை மாதத்தில் இராமேசுவரமோ கன்னியாகுமரியோ போவது நலம். பட்டியலின் முதல் பொருளான 47 டுகானேதான் சங்கடமானது. கன்னியாகுமரியிலும் அது கடலுக்குமேல் பத்துப் பாகையே எழும். அதுவும் முன்னிரவில் எழும் காலம் கார்த்திகையும் மார்கழித் தொடக்கமும். வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் மும்முரமாயிருக்கும். லெ ஜான்டீலைக் கண்டு சிரித்தவர்கள், குடையோடும் பைனாகுலரோடும் கடற்கரையில் இரண்டொரு வருஷம் காத்திருந்து பார்க்கலாம்.